ஊசி முனையும் விசுவாசமும்



சாந்தன்பாறைப் பகுதியிலுள்ள ஏலத்தோட்ட வீடுகளைச் சந்தித்து ஜெபிக்கச் சென்றிருந்தேன். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை; தூரடியில், மண்ணை ஒட்டிக் காய்க்கிறது. காய் எடுப்பவர்கள் நாள் முழுவதும் குனிந்தோ குத்தவைத்தோ இருக்கவேண்டும். ஆகவே இடுப்புவலியும் மூட்டுவலியும் இல்லாத வீடு அங்கே அரிது. முப்பது வருஷம் காய் எடுத்த ஒரு தாயார் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். "ஐயா, கோயம்புத்தூரில் இருக்கிற மகன் முழங்காலுக்கு அக்குபங்சர் ஊசி போட்டுக்கொள்ளக் கூப்பிடுகிறான். போனால் பாவமா?" என்பது முதலாவது. "அதை ஆரம்பித்தால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாமாமே?" என்பது இரண்டாவது. முதல் கேள்வி என்னைக் கலங்கப்பண்ணவில்லை; இரண்டாவது கேள்வி கலங்கப்பண்ணிற்று.

முதல் கேள்விக்கு வருவோம். எசேக்கியா ராஜா கண்ணீரோடு ஜெபித்தபோது, கர்த்தர் அவனுடைய ஆயுசோடு பதினைந்து வருஷம் கூட்டினார். அதே அதிகாரத்தில் அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடும்படி ஏசாயா சொன்னதையும் வாசிக்கிறோம் (ஏசாயா 38). ஜெபத்தைக் கேட்ட தேவனே மருந்தையும் உபயோகித்தார்.

அக்குபங்சர் சீன தேசத்துப் பழைய வைத்தியம். 1938-இல் டாக்டர் கோட்னிஸோடு சீனாவுக்குச் சென்ற இந்திய மருத்துவக் குழுவிலிருந்த டாக்டர் பி.கே. பாசு, பின்பு அங்கே இதைக் கற்று 1959-இல் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். 2019 பிப்ரவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் இதை ஒரு சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. உடலில் "சீ" என்னும் உயிர்ச்சக்தி ஓடுகிறது என்பது சீனரின் பழைய தத்துவம். அதை நாம் ஏற்கவேண்டியதில்லை. நவீன மருத்துவம் படித்து இதைச் செய்கிறவர்கள் நரம்பு, தசை, மூளையில் சுரக்கும் வலிநிவாரணப் பொருள்கள் என்றே விளக்குகிறார்கள். மந்திரமோ வேறு வழிபாடோ சேர்க்கப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அங்கே என்ன நடக்கும்? முதலாவது, உங்கள் நோய்களையும் மருந்துகளையும் விசாரிப்பார்கள், ஒன்றையும் மறைக்கக்கூடாது. ஊசி தலைமயிரைப்போல மெல்லியது. அதில் மருந்து இராது. உறையை உங்கள் முன்பாகப் பிரித்து, ஒரே முறை உபயோகித்து எறியவேண்டிய ஊசியா என்று பாருங்கள். குத்தும்போது எறும்புக்கடிபோலவும், பிறகு அந்த இடத்தில் ஒரு கனம் அல்லது கூச்சம்போலவும் தோன்றும். இருபது முப்பது நிமிஷம் படுத்திருக்கவேண்டும். வெறும் வயிற்றோடு போனால் மயக்கம் வரலாம். சிறிது இரத்தக்கசிவு, கன்றிப்போதல் உண்டு. நெஞ்சுப் பகுதியில் தவறாய்க் குத்தினால் நுரையீரலுக்கு ஆபத்து, அது அரிது. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் முன்னதாகவே சொல்லவேண்டும்.

பலன் என்ன? நாள்பட்ட வலிக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் சிலருக்கு ஆறுதல் கிடைக்கிறது. ஆனால் பொய்யான ஊசியைக் கொண்டு செய்த ஆராய்ச்சிகளிலும் பலர் ஏறக்குறைய அதே ஆறுதலைச் சொன்னார்கள். இங்கிலாந்தின் நைஸ் என்னும் மருத்துவ ஆலோசனை அமைப்பு, 2021-இல் காரணம் தெரியாத நாள்பட்ட வலிக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்றது. 2016-இல் இடுப்புவலிக்கு இது வேண்டாம் என்றது. ஆகவே ஐந்தாறு முறைக்குப் பிறகும் குணம் தெரியாவிட்டால் பணத்தை வீணாக்காதிருங்கள்.

இனி இரண்டாவது கேள்வி. 1971-இல் ஜேம்ஸ் ரெஸ்டன் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளருக்குப் பீஜிங்கில் குடல்வால் நோய் வந்தது. அதைக் கத்தியால் அறுத்தே எடுத்தார்கள். பிறகு வந்த வயிற்று வேதனைக்குத்தான் ஊசி குத்தினார்கள். சீன மருத்துவர்களே அறுவைக்குப் பதிலாக ஊசியை வைக்கவில்லை! சர்க்கரை, இரத்த அழுத்தம், பிரசவம், புற்றுநோய் ஆகியவற்றுக்கு ஊசியை நம்பி ஆஸ்பத்திரியை விடுவது பேராபத்து. 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் வீட்டுப் பிரசவத்தில் ஒரு தாயும் சிசுவும் மரித்தார்கள். அந்த வழக்கில் அக்குபங்சர் செய்கிறவர் ஒருவரும் கைதானார்.

பிறரை மாத்திரம் குற்றப்படுத்த எனக்கு வாயில்லை. பல வருஷங்களுக்கு முன் நம் சபைச் சகோதரர் ஒருவர், "கர்த்தர் சுகந்தந்தார்" என்று சாட்சி சொல்லி இன்சுலினை நிறுத்தினார். நான் "அல்லேலூயா" சொன்னேன். இரத்தப் பரிசோதனை செய்தீரா என்று கேட்கவில்லை. சில மாதங்களில் அவருடைய அடக்க ஆராதனையை நானே நடத்தினேன். அவருடைய மனைவியின் முகத்தை இன்றும் என்னால் நேராய்ப் பார்க்க முடியவில்லை.

ஆகவே அந்தத் தாயாரிடம், "அம்மா, ஊசிக்குப் போங்கள், மாத்திரையை விடாதிருங்கள், சுகம் கிடைத்ததென்று தோன்றினாலும் மருத்துவர் பரிசோதித்துச் சொல்லட்டும்" என்றேன். சென்ற மாதம் அவரைச் சந்தித்தேன். ஆறு முறை போய்வந்தாராம். "வலி முழுவதும் போகவில்லை ஐயா, ஆனாலும் முழங்கால்படியிட்டு ஜெபிக்க முடிகிறது" என்றார். நான் கேட்பதற்கு முன்னமே மாத்திரை டப்பாவை எடுத்துக் காட்டினார்.

பரம வைத்தியராகிய இயேசு தாமே உங்கள் குடும்பங்களைச் சுகத்தோடு காப்பாராக. ஆமென்.