விண்டோஸ் 10 காலாவதியானது: பள்ளிவாசல் கணினியை என்ன செய்வது?

கடந்த 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பித்தல்களை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. 2015 இல் அறிமுகமான இந்த இயங்குதளம் இன்னும் எமது பள்ளிவாசல் அலுவலகங்களிலும் மத்ரஸாக்களிலும் கம்யூனிகேஷன் கடைகளிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. "நல்லாத்தானே வேலை செய்யுது, ஏன் மாத்தணும்?" என்று கேட்கும் நிர்வாகிகளைக் குறை சொல்ல முடியாது. கணினி நின்றுவிடவில்லை, இனி நிற்கப்போவதும் இல்லை. புதிதாக ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்க ஆள் வரமாட்டார், அவ்வளவுதான்.

அதனால் மாற்றுவதா வேண்டாமா என்பதை, அந்தக் கணினிக்குள் யாருடைய ஆவணங்கள் இருக்கின்றன என்று பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் ஆவணம் என்ற சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு. 1990 ஜூனில் கீரிமலை உள்ளிட்ட வலிகாமம் வடக்கு மக்கள் யுத்தத்தால் இடம்பெயர்ந்தார்கள். அவர்களது ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. அதே ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ் நகர முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். உடுத்த உடையோடு போனவர்கள் உறுதிகளைத் தூக்கிக்கொண்டா போனார்கள்? ஆண்டுகள் கழித்து மீளக்குடியேற வந்தபோது இரு சாராரிடமும் கேட்கப்பட்டது ஒன்றுதான்: உறுதி எங்கே, பதிவு எங்கே? தேடிப் பிடித்த பிரதிகளை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளும் பழக்கம் அதிலிருந்து வந்தது. கீரிமலையில் விடுவிக்கப்பட்ட காணிக்காக ஒரு ஐயா கொடுத்த உறுதிப் பிரதியும், ஐந்து சந்திப் பக்கம் ஒரு உம்மா வீட்டுத்திட்டத்துக்குக் கொடுத்த அடையாள அட்டைப் பிரதியும் ஏதோ ஒரு கடையின் பழைய கணினியில் இப்போதும் கிடக்கலாம். பள்ளிவாசல் கணினியில் ஸகாத் பெறுவோர் பட்டியல், திருமணப் பதிவு விபரங்கள், சந்தாக் கணக்கு. வெளியே போகவும் கூடாது, அழியவும் கூடாது.

அழிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எமது நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் முகில் சேமிப்பகம் ரேன்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. ஜீஓவீ டொட் எல்கே முகவரியைப் பாவித்த சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் மீட்க முடியாமல் போயின. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். அங்கு ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவு அதே ஆண்டு ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. புதிய பதிப்புக்கு மாற 2021 இலேயே திட்டமிட்டதாகவும், நிதிப் பற்றாக்குறை முதலிய காரணங்களால் தாமதமானதாகவும் தகவல் தொழில்நுட்ப முகவர் நிலையம் விளக்கமளித்தது. பள்ளிவாசல் கூட்டங்களில் நாம் கேட்கும் அதே காரணம்! என் பார்வையில் இதைவிடப் பெரிய தவறு, அந்த மூன்று மாதத் தரவுக்கு இணைப்பிலிருந்து பிரித்து வைத்த காப்புப் பிரதி ஒன்று இல்லாமல் போனதுதான்.

தாக்குபவர்கள் பெரிய இடங்களை மட்டும் தேடி வருவதில்லை. 2017 மே மாதம் 'வானாக்ரை' 150 நாடுகளளவில் பரவியபோது அது யாரையும் பெயர் சொல்லித் தேடவில்லை, திறந்திருந்த கதவுகளில் எல்லாம் நுழைந்தது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் அகப்பட்டார்கள். "என்டி வைரஸ் அப்டேட் ஆகுதே" என்று ஆறுதல்படுபவர்களும் இருக்கிறார்கள். விண்டோஸ் டிஃபென்டருக்கான வைரஸ் விபரங்கள் 2028 ஒக்டோபர் வரை வரும் என்பது உண்மை. ஆனால் அது காவலாளிக்குக் கொடுக்கும் கள்ளர் பட்டியல். உடைந்த யன்னலை அது திருத்தித் தராது.

சரி, பணம்? 2022 நெருக்கடிக்குப் பின் புதிய மடிக்கணினி பல குடும்பங்களுக்கு எட்டாத பொருளாகிவிட்டது. விண்டோஸ் 11 இலவசம்தான், ஆனால் பழைய இயந்திரங்களை அது ஏற்பதில்லை. டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசெசரும் கேட்கிறது. நன்றாக ஓடும் கோடிக்கணக்கான கணினிகளை இப்படி ஒதுக்கியது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். இருந்தாலும் கடைக்காரர் "ஏறாது" என்று சொன்னவுடன் நம்பிவிட வேண்டாம். சில கணினிகளில் டிபிஎம் இருந்தும் பயோஸில் அணைக்கப்பட்டிருக்கும். மைக்ரோசொஃப்ட்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலி காரணத்தைச் சொல்லிவிடும். தகுதியில்லாத கணினியில் குறுக்குவழியில் விண்டோஸ் 11 ஏற்றித் தருபவர்களும் உண்டு. அதற்குப் புதுப்பித்தல் கிடைக்கும் என்று மைக்ரோசொஃப்ட் உத்தரவாதம் தரவில்லை. பிறகு எதற்கு அந்த மாற்றம்?

வீட்டுப் பாவனையாளருக்கு ஒரு வருட அவகாசம் இருக்கிறது. மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைந்து, கணினி அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைத்தால், 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கட்டணமின்றிக் கிடைக்கும். ஒத்திசைக்க விரும்பாதவர்கள் 30 டொலர் செலுத்தலாம், ஆனால் அதற்கும் மைக்ரோசொஃப்ட் கணக்கு வேண்டும். நிறுவனங்களுக்கு முதல் வருடம் கணினி ஒன்றுக்கு 61 டொலர், பின் வருடா வருடம் இரட்டிப்பாகும். அந்தப் பணத்தைக் கட்டுவதைவிட, எட்டாம் தலைமுறைக்குப் பிந்திய பாவித்த அலுவலகக் கணினி ஒன்றைத் தேடுவதே கடைக்காரருக்கும் பள்ளிவாசலுக்கும் இலாபம். பிள்ளை படிக்க, பயான் கேட்க மட்டும் பாவிக்கும் பழைய கணினிக்கு லினக்ஸ் மின்ட் போதும், செலவேயில்லை. கிரெக் செய்த விண்டோஸைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிறர் உழைப்பைத் திருடிப் பாவிக்கலாமா என்பதை உலமாக்கள் சொல்வார்கள். அந்தக் கிரெக் கோப்போடு என்ன சேர்ந்து வருகிறது என்பதைக் கணினி திருத்துபவர் சொல்வார்.

ஸகாத் பட்டியல் ஒரு அமானிதம். அதை வைத்திருக்கும் கணினிக்கு இந்த ஒரு வருடத்தை ஓய்வு என்று எடுத்துக்கொள்ளாமல் தயாராகும் காலமாக எடுப்பதே சரி. முதல் வேலை காப்புப் பிரதி. வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றைப் பள்ளிவாசலிலும் மற்றதைப் பொறுப்பான ஒருவரின் வீட்டிலும் வைக்கலாம். பிரதி எடுத்தவுடன் கழற்றிவிட வேண்டும். செருகியே இருந்தால் ரேன்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

எமது ஊர்களுக்கே உரிய இன்னொரு சிக்கல் பாமினி எழுத்துரு. பத்து, பதினைந்து வருடக் கடிதங்களும் கூட்டறிக்கைகளும் அதில்தான் இருக்கின்றன. புதிய கணினியில் அந்த எழுத்துருவை ஏற்றாமல் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து யாராவது அழித்தும்விடுவார்கள். எழுத்துருக் கோப்பையும் சேர்த்துப் பிரதி எடுங்கள். முக்கியமானவற்றை யுனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பழைய பிரிண்டர் இருந்தால் அதற்கு 64 பிட் டிரைவர் உண்டா என்றும் முன்கூட்டியே பாருங்கள், விண்டோஸ் 11 இல் 32 பிட் பதிப்பே கிடையாது.

கடைசியாக, பழைய கணினியை விற்கும்போது ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு விற்கவும். டிலீட் செய்த அடையாள அட்டைப் பிரதிகளைச் சாதாரண மென்பொருள் ஒன்றாலேயே மீட்டெடுக்கலாம். டிஸ்க் இல்லை என்று வாங்குபவர் விலையைக் குறைப்பார்தான், குறைக்கட்டும்.