ஏ.சி அன்பளிப்புச் செய்தோம். அதன் தண்ணீரை யார் பார்ப்பது?

வடகீழ்ப் பருவமழை நெருங்கினால் நற்பிட்டிமுனையிலும் டெங்குப் பரிசோதனை சூடுபிடிக்கும். சிரட்டை, டயர், பூச்சாடி, கூரைப் பீலி என்று தேடுவோம். பள்ளிவாசலின் பின்சுவரோரம், ஏ.சி குழாயின் கீழே வைத்திருக்கும் வாளி மட்டும் பெரும்பாலும் எவர் கண்ணிலும் படுவதில்லை.

பள்ளிவாசல், மத்ரஸா, டியூஷன் வகுப்பு, கிளினிக் என்று இன்று எங்கும் ஏ.சி வந்துவிட்டது. பள்ளிவாசல்களில் உள்ளவற்றில் பல அன்பளிப்பாகக் கிடைத்தவை. இயந்திரம் தருபவர் பராமரிப்புச் செலவைத் தருவதில்லை. மின்கட்டணத்தோடு மல்லுக்கட்டும் நிர்வாக சபைக்கு சேர்விஸ் என்பது கடைசி யோசனை.

எமது கரையோரக் காற்றில் ஈரம் அதிகம். அது ஏ.சியின் குளிர்ந்த சுருள்களில் பட்டதும் நீராகி, கீழுள்ள தட்டில் வடிந்து, குழாய் வழியே வெளியேறும். புழுக்கமான நாளில் ஓர் இயந்திரமே வாளியை நிரப்பிவிடும். தூசி சேரச் சேர தட்டில் சளி போன்ற பாசி படிந்து குழாயை அடைக்கும். பிறகு சுவர் நனையும், கார்பெட் நாறும். அப்போதுதான் ஆளைத் தேடுவோம்.

ஒரு பாடசாலையில் தவணை விடுமுறை முடிந்து கணினி அறையைத் திறந்தபோது நான் கண்டது இன்னும் நினைவிருக்கிறது. உள்ளே எல்லாம் சுத்தம். வெளியே வாளியில் குடம்பிகள் நெளிந்தன. விடுமுறைக்கு முன்தான் சேர்விஸ் நடந்திருந்தது. வந்தவர் பில்டரைக் கழுவிவிட்டுப் போயிருந்தார், தட்டையும் குழாயையும் தொடவேயில்லை. முட்டை நுளம்பாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். விடுமுறையோ அதைவிட நீளம்.

ஏ.சி என்றதும் சிலர் 1976இல் பிலடெல்பியா ஹோட்டலில் பரவிய லீஜியனர்ஸ் நோயைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். அது பெரிய கட்டடங்களின் குளிரூட்டும் கோபுரங்களோடு அதிகம் தொடர்புபட்டது. நமக்கு டெங்கே போதும். 2017இல் இந்நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். 400க்கும் அதிகமானோர் மரணித்தார்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம், தன் வளவில் நுளம்பு பெருகாமல் பார்க்கும் பொறுப்பை உரிமையாளர் மீதும் குடியிருப்பவர் மீதும் சுமத்துகிறது. பள்ளிவாசலும் பாடசாலையும் இதற்கு விதிவிலக்கு என்று நினைத்துவிடக் கூடாது.

வாளியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. நுளம்பு முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிவைக்கும். அது காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வாரம் ஒருமுறை வாளியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முடியுமானால் வாளியையே அகற்றி, குழாயை ஓடும் வடிகாலுக்குச் சரிவாக நீட்டிவிடலாம். சேர்விஸுக்கு வருபவரிடம் தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். சில மாடல்களில் அது கழற்ற முடியாதபடி உடலோடு சேர்ந்தே இருக்கும், அப்போது தண்ணீர் ஊற்றி வெளியே தடையின்றி வடிகிறதா என்றாவது பார்க்கலாம். எதற்கும் முன் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

அடுத்த முறை ஏ.சி வாங்கிக் கொடுக்க முன்வரும் சகோதரரிடம், இரண்டு வருட சேர்விஸ் செலவையும் சேர்த்துத் தாருங்கள் என்று கேட்க நிர்வாக சபைகள் வெட்கப்படத் தேவையில்லை. ரமழானில் இரவெல்லாம் ஓடிவிட்டு, பிறகு ஜும்ஆவுக்கு மட்டும் இயங்கும் இயந்திரங்களே அதிகம் கவனிக்க வேண்டியவை. இடையிலுள்ள ஆறு நாளும் அந்த வாளித் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது.