மீனைப் பிடிக்கலாம்... வீட்டுக்குக் கொண்டுபோகலாமா?



உங்கள் கையில் ஆயிரம் யென் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யென் என்பது ஜப்பான் நாட்டுப் பணம். நம் காசுக்கு ஐந்நூறு, அறுநூறு ரூபாய் வரும். ஊர் ஒசாகா. நாள் ஜூலை 25. அன்று அங்கே 'தென்ஜின் மட்சுரி' திருவிழா. 'மட்சுரி' என்றால் ஜப்பான் மொழியில் திருவிழா என்று அர்த்தம். ஆண்டுதோறும் ஜூலை 24, 25 தேதிகளில் நடக்கும் இந்த விழா ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. சுகவாரா நோ மிச்சிஸானே என்ற பெரிய அறிஞரைக் கல்விக் கடவுளாக வணங்கும் கோயிலின் விழா இது. பரீட்சை வந்தால் ஜப்பான் பிள்ளைகள் இவரிடம்தான் ஓடுவார்கள்!

முதலில் கடைவீதிக்குப் போவோமா? கோயிலுக்குப் பக்கத்திலேயே தென்ஜின்பாஷிசுஜி கடைத்தெரு இருக்கிறது. நீளம் 2.6 கிலோமீட்டர். ஏறக்குறைய 600 கடைகள். தெருவுக்கே கூரை போட்டிருப்பதால், மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் கவலை இல்லை. விசிறி, பேனா, தேயிலை, மிட்டாய் என்று பார்த்துக்கொண்டே நடந்தால் கால் வலிப்பதுகூடத் தெரியாது.

சாயங்காலம் ஆனதும் பசிக்குமே! கோயிலைச் சுற்றியும் ஆற்றங்கரையிலும் தள்ளுவண்டிக் கடைகள்போல வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள். நம் குழிப்பணியாரம் போலவே குழிக் கல்லில் ஊற்றி, உள்ளே ஒரு துண்டு ஆக்டோபஸ் வைத்துப் புரட்டி எடுக்கிறார்களே, அதுதான் 'தகோயாகி'. ஒசாகாவில் பிறந்த பலகாரம் அது. சூட்டோடு வாயில் போட்டால் நாக்கு சுட்டுவிடும், ஜாக்கிரதை! பக்கத்தில் பஞ்சுமிட்டாய். அதற்குப் பக்கத்தில், சர்க்கரைப் பாகில் முக்கிக் குச்சியில் குத்திய ஆப்பிள். தாகத்துக்கு 'ராமுனே'. அட, அந்த பாட்டிலைப் பாருங்கள்! கழுத்தில் கோலிக்குண்டு! நம் கோலி சோடாவேதான். இந்த பாட்டிலை 1872ல் உருவாக்கியவர் ஹிராம் காட் என்ற இங்கிலாந்துக்காரர். அவர் புண்ணியத்தில் ஒசாகாவும் நம் ஊரும் சொந்தமாகிவிட்டன.

சாப்பிட்டது போக, கையில் இன்னும் சில நூறு யென் மிச்சம். அப்போதுதான் அந்தக் கடை கண்ணில் படுகிறது. அகலமான, ஆழமில்லாத தொட்டி. அதில் நூற்றுக்கணக்கில் சின்னஞ்சிறு தங்கமீன்கள். சுற்றிலும் பிள்ளைகள் குந்தியிருக்கிறார்கள். இந்த விளையாட்டுக்குப் பெயர் 'கிங்யோ சுகுய்', அதாவது தங்கமீன் அள்ளுவது.

காசு கொடுத்தால் 'பொய்' என்ற ஒரு கரண்டி தருவார்கள். (பேர்தான் பொய், சாமான் நிஜம்!) வட்டச் சட்டத்தில் மெல்லிய காகிதம் ஒட்டியிருக்கும். தண்ணீரில் பட்டதும் காகிதம் ஊறும். ஊறினால் கிழியும். கிழிவதற்குள் மீனை அள்ளிக் கிண்ணத்தில் போடவேண்டும். பிடித்த மீனைப் பாலிதீன் பையில் தண்ணீர் ஊற்றிப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஒன்றுகூடப் பிடிக்கவில்லையா? பரவாயில்லை என்று ஆறுதலாக ஒரு மீன் கொடுக்கிற கடைக்காரர்களும் உண்டு.

கேட்கவே ஆசையாக இருக்கிறது அல்லவா? ஆனால், நான் சொல்ல வந்தது வேறு. விளையாடுங்கள். மீனை மட்டும் வாங்காதீர்கள்!

ஏன் என்று கேட்பீர்கள். அந்த மீன் இருக்கும் நிலையை யோசித்துப் பாருங்கள். நாள் முழுக்கக் கூட்டத்தொட்டியில் துரத்தப்பட்டுக் களைத்திருக்கிறது. இப்போது ஜூலை மாத வெக்கையில், ஒரு பைத் தண்ணீரில் ஆடிக்கொண்டே போகிறது. வீட்டில் என்ன நடக்கும்? அவசரத்துக்கு ஒரு கிண்ணத்தை எடுத்து, குழாய்த் தண்ணீரைப் பிடித்து, மீனை விடுவோம். கிருமியைக் கொல்லக் குழாய்த் தண்ணீரில் சேர்க்கும் குளோரின், மீனின் செவுளையும் புண்ணாக்கும். அதிலிருந்து தப்பினாலும் அடுத்த ஆபத்து காத்திருக்கிறது. மீனின் கழிவிலிருந்து அமோனியா என்ற நஞ்சு தண்ணீரில் சேரும். அதை மாற்றிச் சுத்தம் செய்கிற நல்ல பாக்டீரியாக்கள் ஒரு தொட்டியில் வளரவே சில வாரங்கள் ஆகும். புதுக் கிண்ணத்தில் அவை ஏது? தான் கழித்த நஞ்சிலேயே மீன் செத்து மிதக்கும்.

"தங்கமீனுக்கு ஆயுசே அவ்வளவுதான்" என்று பெரியவர்கள் சிலர் சமாதானம் சொல்வார்கள். நம்பாதீர்கள்! இங்கிலாந்தில் 1956ல் ஒரு சிறுவன் பொருட்காட்சியில் ஒரு தங்கமீனைப் பரிசாகப் பெற்றான். 'டிஷ்' என்று பேர் வைத்தார்கள். அது செத்தது 1999ல். 43 வயது! எல்லா மீனும் அவ்வளவு காலம் வாழாதுதான். ஆனால், நன்றாக வளர்த்தால் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய உயிர் அது. ஒரு சாணுக்கு மேல் வளரவும் செய்யும். அதை ஒரே வாரத்தில் சாகவிட்டுவிட்டு, ஆயுசின் மேல் பழி போடுவது நியாயமா?

மற்ற நாடுகள் இதை யோசித்திருக்கின்றன. ரோம் நகரம் 2005ல் தங்கமீனைப் பரிசாகக் கொடுப்பதைத் தடை செய்தது. உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் மீன் வளர்ப்பதற்கும் அங்கே தடை. ஸ்காட்லாந்தில் 2006ல் வந்த சட்டப்படி, எந்த உயிரையும் பரிசாகக் கொடுக்கக்கூடாது.

அப்படியானால் ஜப்பானும் தடை போட்டுவிடலாமே என்கிறீர்களா? அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒசாகாவுக்குப் பக்கத்து மாநிலம் நாரா. அங்கே யமாட்டோ கோரியாமா என்று ஓர் ஊர் இருக்கிறது. 1724ல் அந்த ஊருக்கு மாறிவந்த பிரபுவோடு தங்கமீனும் வந்ததாகச் சொல்கிறார்கள். பிறகு சாமுராய் வீரர்கள் பக்கத்தொழிலாக மீன் வளர்த்தார்கள். ராஜாங்க வேலை போனபிறகு அதுவே சோறு போட்டது. இன்றும் அந்த ஊர்க்காரர்களுக்கு அது தொழில். 1995லிருந்து அங்கே ஆகஸ்ட் மாதத்தில் தேசிய தங்கமீன் அள்ளும் போட்டியே நடத்துகிறார்கள். தாத்தா பாட்டி காலத்திலிருந்து பேரப்பிள்ளைகள் வரை வந்த விளையாட்டை, ஒரு கையெழுத்தில் அழிப்பானேன்? மீனை நல்லபடியாக வளர்க்கிறவர்கள் பெருகினால் அந்த ஊர்க்காரர்களுக்கும் நல்லதுதானே?

சட்டம் வேண்டாம். விளையாடுகிற நீங்களே முடிவு செய்யலாம். எப்படி?

உங்கள் வீட்டில் ஒரு மாதம் முன்பே தயாரான பெரிய தொட்டி இருக்கிறதா? தண்ணீர் சுத்தம் செய்யும் கருவி ஓடுகிறதா? பத்து வருஷம் பார்த்துக்கொள்ளத் தயாரா? அப்படியானால் தாராளமாக வாங்குங்கள். இல்லையென்றால், ஆசை தீர அள்ளிவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஜப்பான் மொழியில் "கெக்கோ தெசு" என்றால் "பரவாயில்லை, வேண்டாம்" என்று அர்த்தம். சிரித்துக்கொண்டே சொன்னால் கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். மீன் மிஞ்சினால் அவருக்கும் லாபம்தானே!

"காசு கொடுத்தேனே, சும்மாவா விடுவது?" என்று மனசு கேட்கும். நீங்கள் காசு கொடுத்தது விளையாட்டுக்கு. பஞ்சுமிட்டாய் தின்ற பிறகு கையில் என்ன மிச்சம் இருந்தது? குச்சிதானே! ஆனாலும் இனித்ததா, இல்லையா?

இன்னும் நல்ல வழியும் உண்டு. அதே கடைவரிசையில் மீனுக்குப் பதிலாகத் துள்ளும் ரப்பர் பந்துகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டிருப்பார்கள். அதே 'பொய்' கரண்டி, அதே படபடப்பு, கிழிந்தால் அதே சிரிப்பு! பந்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அது சாகாது.

ஒன்றே ஒன்று. மீன் வளர்க்க முடியவில்லை என்று ஆற்றிலோ ஏரியிலோ விட்டுவிடாதீர்கள். அது கருணை இல்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் அப்படி விட்ட தங்கமீன்கள் பெரிதாக வளர்ந்து ஏரியைக் கலக்கியதால், இப்படிச் செய்யாதீர்கள் என்று 2021ல் பர்ன்ஸ்வில் நகரம் மக்களைக் கேட்டுக்கொண்டது.

பத்து மீன் பிடித்தவன் கெட்டிக்காரன்தான். பத்தையும் பிடித்து, பத்தையும் திருப்பி விட்டவன் அவனைவிடக் கெட்டிக்காரன் என்பது என் கட்சி. நீங்கள் எந்தக் கட்சி?