வெட்டுப்புள்ளிக்கு முன்னமே விழுகிற வெட்டு

கெம்பஸுக்கு வந்த முதல் மாதத்தில் எங்களிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி "எந்த இடம்?" என்பதுதான். கிளிநொச்சி, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி என்று பதில் சொல்லி முடிக்க முதல் அடுத்த வசனம் வந்துவிடும்: "ஓ, அப்ப கோட்டாவில வந்தனீங்கள்." சொல்லுறவை பெரும்பாலும் பகிடியாகத்தான் சொல்லுவினம். நாங்களும் சிரிச்சிட்டு விட்டிருக்கிறம். என்ன பாடநெறி, இசட் புள்ளி எவ்வளவு, எத்தனையாவது தரம் எழுதி வந்தது என்று ஒருத்தரும் கேட்கிறதில்லை. வன்னி என்றால் கோட்டா, கோட்டா என்றால் குறைஞ்ச ஆள். கணக்கு முடிஞ்சுது.

ஒவ்வொரு வருடமும் வெட்டுப்புள்ளி வெளிவரும்போது முகநூலிலும் இதே கதை திரும்ப வருகிறது. "கொழும்பில இவ்வளவு எடுத்தும் கிடைக்கேல்ல, முல்லைத்தீவில அதைவிடக் குறைய எடுத்தவருக்குக் கிடைச்சிருக்கு." இந்தமுறை சிரிக்காமல் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பம் என்று நினைச்சம்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் இருக்கிற அடிப்படை விதிகள் கஷ்டமானவை இல்லை. உயர்தரத்தில் மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தி, பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைஞ்சது 30 புள்ளி, மொத்தம் மூன்று தடவைதான் எழுதலாம். இதைத் தாண்டினவர்கள் எல்லாரும் "தகுதி உடையவர்கள்". ஆனால் அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குக்குத்தான் இடம் இருக்கிறது. மிச்சப்பேரை வடிக்கத்தான் இசட் புள்ளி.

2001இல் இருந்து நடைமுறையில் இருக்கிற இந்த இசட் புள்ளி செய்கிற வேலை ஒன்றே ஒன்று. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளி, அந்தப் பாடத்தின் சராசரியை விட எவ்வளவு தூரம் மேலே அல்லது கீழே இருக்கிறது என்பதை நியம விலகலால் பிரித்துச் சொல்லும். இலகுவான பாடத்தையும் கஷ்டமான பாடத்தையும் ஒரே தராசில் வைக்க அது உதவும். ஆனால் ஆய்வுகூடம் உள்ள பள்ளிக்கூடத்தையும் இல்லாத பள்ளிக்கூடத்தையும் அது சமப்படுத்தாது. அதற்காகத்தான் மாவட்ட ஒதுக்கீடு. பொதுவாக ஒரு பாடநெறியின் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்ப, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு.

சரி, இப்ப முல்லைத்தீவுக்கு அள்ளிக் கொடுத்திருக்கா என்று பார்ப்பம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி முல்லைத்தீவின் சனத்தொகை சுமார் 92,000. இலங்கையின் சனத்தொகை 2 கோடி 3 லட்சத்துக்கு மேல். நூற்றுக்கு அரை வீதம்கூட இல்லை. ஒரு பாடநெறிக்கு நாடு முழுக்க 1000 இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கோ. மாவட்டங்களுக்குப் பிரிக்கிறது 550. அதில் முல்லைத்தீவின் பங்கு இரண்டரை ஆள். கிளிநொச்சிக்கு மூன்று பேர். வவுனியாவுக்கு நாலரை. 200 இடம் மட்டும் உள்ள பாடநெறி என்றால் முல்லைத்தீவுக்கு அரை ஆள். அந்த 5 வீதத்திலும் நாங்கள் தனிய இல்லை. நுவரெலியா, மொனராகலை, மட்டக்களப்பு, புத்தளம், யாழ்ப்பாணம் என்று மொத்தம் 16 மாவட்டங்கள் அதைப் பங்குபோடுகின்றன.

கொழும்பில் ஒரு பிள்ளைக்கு இடம் கிடைக்காமல் போனதற்கு இந்த இரண்டரை ஆள்தான் காரணம் என்று நம்பச் சொன்னால் எங்களால் நம்ப ஏலாது. நாலில் மூன்று பேரை வெளியில் விடுகிற அளவுக்கு இடம் குறைவாக இருக்கிறதுதான் காரணம்.

எங்கட ஆக்களிடம் இன்னொரு கதையும் இருக்கு. "தரப்படுத்தலால அழிஞ்சவர்கள் நாங்கள். அதே தரப்படுத்தலை நீங்கள் நல்லதென்கிறீங்களோ?" என்று கேட்பினம். கேள்வி நியாயமானது. ஆனால் இரண்டு வேறு விசயத்தை ஒரு சொல்லுக்குள்ள போட்டுக் குழப்புகிறம். 1971 அனுமதியில் மருத்துவபீடத்துக்குச் சிங்கள மொழிமூலத்தில் எழுதினவருக்கு 229 போதும், தமிழ் மொழிமூலத்தில் எழுதினவருக்கு 250 வேணும் என்றிருந்தது. ஒரே பரீட்சை, ஒரே நாடு, எழுதின மொழிக்காக 21 புள்ளி கூட. அது அநியாயம். அதில் எங்களுக்கு மறுபேச்சில்லை.

1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு அதிலிருந்து வேறுபட்டது. அது யாழ்ப்பாண மாணவர்களைக் கடுமையாகப் பாதித்தது உண்மை. அதே நேரம் வவுனியா, மன்னார், மட்டக்களப்பு மாதிரியான இடங்களில் இருந்து தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் முன்னைவிடக் கூடப் பேர் பல்கலைக்கழக வாசலை மிதிச்சதும் அந்த ஒதுக்கீட்டால்தான். இந்த இரண்டாவது பாதியைப் பற்றி எங்கட மேடைகளில் ஒருத்தரும் கதைக்கிறதில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேணும். முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல், கிளிநொச்சி 1984இல். அதுவரைக்கும் கிளிநொச்சிப் பிள்ளையும் யாழ்ப்பாணக் கணக்கில்தான். மாவட்ட எல்லையைக் கீறுகிற கோடு ஒரு பிள்ளையின் தலையெழுத்தையும் கீறுகிறது. எங்கட அப்பா அம்மாவின் தலைமுறைக்கு அது நல்லாத் தெரியும்.

ஆகவே கோட்டாவில் வந்தது எங்களுக்கு வெட்கம் இல்லை. 2009 ஓகஸ்டில் மெனிக்பாம் முகாமுக்குள் இருந்துகொண்டு உயர்தரப் பரீட்சை எழுதின அண்ணாக்களும் அக்காக்களும் இந்த மண்ணில் இருக்கினம். அவர்களையும் கொழும்பில் காலைக்கும் மாலைக்கும் ரியூசன் போன பிள்ளையையும் ஒரே வரிசையில் நிறுத்தி "திறமை" என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது.

ஆனால் உண்மையில் நாங்கள் எழுத வந்தது கோட்டாவுக்காக வாதாட இல்லை. கோட்டா இவ்வளவு நாள் இருந்தும் ஏன் எங்கட ஊர்களில் குறிப்பிட்ட சில வாசல்கள் மட்டும் திறக்கவே இல்லை என்று கேட்கத்தான்.

தாதியை எடுத்துப் பாருங்கோ. எங்களோடு சாதாரண தரம் வரைக்கும் படிச்ச ஒருத்தி. சின்ன வயசிலிருந்தே நேர்ஸாக வரவேணும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தவள். கணிதம், விஞ்ஞானம் இரண்டும் நல்ல பெறுபேறு. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உயர்தரத்துக்குக் கலைப்பிரிவு மட்டும்தான். உயிரியல் படிக்க வேணும் என்றால் ரவுணுக்குப் போகவேணும். போற பஸ் காலமை ஒன்று, வாற பஸ் பின்னேரம் ஒன்று. பின்னேர வகுப்பு முடிய முதல் பஸ் போயிடும். ரவுணில் தங்கவைக்க ஆக்கள் இல்லை, வாடகைக்குக் காசும் இல்லை. "கலையைப் படி, பிறகு நேர்ஸிங்குக்குப் போடலாம்" என்று யாரோ சொல்ல, வீட்டிலயும் சரியென்று விட்டுட்டினம். உயர்தரத்தில் நல்லாத்தான் செய்தவள். கைநூலை விரிச்சுப் பார்த்த நாளில்தான் விளங்கினது, பல்கலைக்கழகத் தாதியியல் பட்டத்துக்கு உயிரியல் பிரிவில் படிச்சிருக்க வேணும். சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக்கும் விஞ்ஞானப் பிரிவுச் சித்தி வேணும். கலைப்பிரிவில் மூன்று ஏ எடுத்திருந்தாலும் அந்த வாசலில் நிற்க ஏலாது.

அவளை வெட்டினது வெட்டுப்புள்ளி இல்லை. பதினாறு வயசில், விண்ணப்பப் படிவம் என்று ஒன்று இருக்கிறதே தெரியாத காலத்தில், ஒரு பஸ் நேர அட்டவணை வெட்டினது.

இது ஒருத்தியின் கதை மட்டும் இல்லை. இலங்கைப் பாடசாலைகளில் விஞ்ஞானப் பிரிவு இருப்பது 1ஏபி என்ற வகையில் மட்டும். 1சி வகையில் கலையும் வர்த்தகமும். வகை 2 என்றால் பதினோராம் ஆண்டோடு முடிஞ்சுது. துணுக்காய், வவுனியா வடக்கு மாதிரி வலயங்களில் ஒரு பிள்ளை எந்தக் கிராமத்தில் பிறந்தது என்பதே எந்தப் பிரிவு என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. 1ஏபி என்று பலகை இருந்தாலும் இரசாயனவியலுக்கோ பௌதிகவியலுக்கோ ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய், அடுத்தவர் வரும்வரைக்கும் மாதக்கணக்கில் பிள்ளைகள் தாங்களே நோட்ஸ் பார்த்துப் படிக்கிற நிலைமையையும் கண்டிருக்கிறம். எங்கட ஆஸ்பத்திரிகளில் தமிழ் பேசுற தாதிமார் காணாது என்று குறைப்படுகிறவர்கள் அந்தப் பள்ளிக்கூடங்களில் இருந்துதான் கேள்வியைத் தொடங்க வேணும்.

அந்த ஏமாற்றம்தான் வேறு ஆக்களுக்கு வியாபாரம். சந்திக்குச் சந்தி பதாகை தொங்குது: "எந்தப் பிரிவில் படித்தவரும் தாதியாகலாம்", "வெளிநாட்டு வேலை உறுதி". எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் நகையை அடகு வைச்சுக் கட்டினது. படிப்பு முடிஞ்சபிறகுதான் அந்தச் சான்றிதழை வைச்சு அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக முடியாது, பராமரிப்பாளர் வேலைக்குத்தான் சரி என்று தெரியவந்தது. பராமரிப்பாளர் வேலை குறைஞ்ச வேலை இல்லை. ஆனால் அதைத் தாதி என்று சொல்லி விற்கிறது பொய். காசு கட்ட முதல் ஒரு கேள்வி கேளுங்கோ: இதை முடிச்சால் இலங்கையில் தாதியாகப் பதிவு செய்யலாமா? பதிலை எழுத்தில் வாங்குங்கோ.

வெளிநாட்டில் இதே ஆசையோடு இருக்கிற எங்கட மச்சாள்மாருக்கு எப்படி நடக்குது என்றும் பார்த்தம். கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தில், பல்கலைக்கழகம் போகப் பன்னிரண்டாம் வகுப்பில் ஆறு பாடம் வேணும். தாதியியலுக்கு ஆங்கிலம், உயிரியல், இரசாயனவியல், பெரும்பாலும் கணிதமும். அங்கேயும் பாட நிபந்தனை இருக்கு. போட்டியும் கடுமைதான். ஆனால் தவறவிட்ட ஒரு பாடத்தைப் பிறகு இரவுப் பள்ளியிலோ இணையவழியிலோ எடுத்துச் சேர்க்கலாம். இங்கே ஒரு பாடத்தைச் சேர்க்க ஏலாது. பிரிவையே மாற்றி, மூன்று பாடத்தையும் முதலில் இருந்து படிச்சு, இருக்கிற மூன்று தடவையில் ஒன்றைச் செலவழிக்க வேணும். எங்கட முறையில் மிகவும் கொடுமையான நிபந்தனை இதுதான், திரும்பிவர வழி இல்லாதது.

தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து வவுனியாவுக்கும் மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் திரும்பின குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். பிளஸ் டூ முடிச்சு நல்ல மார்க்கோடு வந்திருப்பினம். ஆனால் அவைக்கு இசட் புள்ளி இல்லை, ஆகவே நாங்கள் நிற்கிற வரிசையில் அவை நிற்க ஏலாது. வெளிநாட்டுத் தகைமை உடையவர்களுக்கென்று இருக்கிற தனி வழியால், மிகக் குறைஞ்ச இடங்களுக்குப் போட்டியிட வேணும். போருக்கு ஓடிப்போய் முகாமில் பிறந்து, சொந்த ஊருக்கு வந்த பிள்ளையை "வெளிநாட்டு விண்ணப்பதாரி" என்று அழைக்கிறது கேட்கவே ஒருமாதிரி இருக்கு.

எங்கட கோரிக்கைகள் பெரிசில்லை. விஞ்ஞானப் பிரிவு உள்ள பள்ளிக்கூடங்களில், வலயத்துக்கு ஒன்றிலாவது பெண்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான விடுதி வேணும். எல்லாக் கிராமத்துக்கும் ஆய்வுகூடம் கட்டுகிறதைவிட அது கெதியாக நடக்கும். கலைப்பிரிவில் படிச்சவர்களுக்கு ஒரு வருட விஞ்ஞான அடிப்படைப் பயிற்சி கொடுத்துத் தாதியர் பயிற்சிக்குப் போட்டியிட வழி விடவேணும். தமிழ்நாட்டில் இருந்து திரும்பின பிள்ளைகளுக்கு, அவர்கள் இப்ப வாழ்கிற மாவட்டத்தின் கணக்கில் ஒரு இடம் யோசிக்க வேணும். எங்கட வன்னியிலேயே அறிவியல்நகரில் பொறியியலும் விவசாயமும் தொழினுட்பமும் இருக்கு, பம்பைமடுவில் 2021இல் இருந்து தனிப் பல்கலைக்கழகமே இருக்கு. அந்த வாசல்களைத் தாண்டி பஸ்ஸில் போற பிள்ளைக்கு உள்ளே போகிற வழி பத்தாம் ஆண்டிலேயே தெரிஞ்சிருக்க வேணும்.

கடைசியாகச் சொன்னதற்கு அரசாங்கத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. வாற விடுமுறைக்கு நாங்கள் நாலுபேரும் கைநூலோடு எங்கட பழைய பள்ளிக்கூடங்களுக்குப் போறம். உயர்தரப் பிள்ளைகளிடம் இல்லை, பத்தாம் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளிடம். எந்தத் தொழிலுக்கு எந்தப் பிரிவு, எந்தப் பாடநெறிக்கு எந்தப் பாடம், விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கை எப்படிப் போடுகிறது என்று ஒரு பின்னேரம் இருந்து கதைச்சால் போதும். வன்னியில் இருந்து வந்து வேறு வேறு கெம்பஸில் இருக்கிறவர்கள் உங்கட உங்கட பள்ளிக்கூடத்துக்கு இதைச் செய்யலாம். அதிபரிடம் ஒரு சொல் கேட்டால் பெரும்பாலும் மாட்டன் என்று சொல்லமாட்டார்.

அந்தச் சிநேகிதி இப்ப ரவுணில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். தங்கச்சி இந்த வருடம் ஓ.எல். எழுதுகிறாள். போன கிழமை கதைக்கும்போது அவள் கேட்டது ஒன்றுதான்: "உயிரியல் உள்ள பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில அறை ஒன்று பார்த்துத் தருவீங்களோ?" தேடிக்கொண்டு இருக்கிறம்.