பீன்ஸ் டின்னும் கருப்பட்டிப் பயறும்

போன மாசம் ஊருக்குப் போனப்போ (குலசை தாங்க, முழுப்பேர் குலசேகரன்பட்டினம்) என் பெட்டியில ரெண்டு பேக்ட் பீன்ஸ் டின் இருந்துச்சு. ஆன்சைட்ல இருந்தப்ப மாசக்கணக்குல அதுதான் என் ராத்திரி சாப்பாடு. ரெண்டு பிரெட், மேல ஒரு டின், வேலை முடிஞ்சுது.

அம்மா டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "எந்தக் காலத்துல அவிச்சதோ, சத்தெல்லாம் செத்துருக்கும்ல. அப்பா கண்ணுல காட்டிராத"ன்னாங்க. அப்பாவுக்குப் பத்து வருசமா சுகர். சரின்னு உள்ள வச்சுட்டேன். சாயங்காலம் பார்த்தா, அவிச்ச சிறுபயறுல தேங்காய் துருவிப் போட்டு, உடன்குடி கருப்பட்டியைத் தட்டிச் சேர்த்து அதே அப்பாவுக்குக் கொடுக்காங்க! கேட்டா, "கருப்பட்டி ஒண்ணும் செய்யாதுல, சீனிதான் ஆகாது."

மக்களே, இந்த 'டின்னுன்னா விஷம், நம்ம ஊருன்னா அமிர்தம்' கணக்கு எனக்குச் சரியாப் படல.

முதல்ல டின். உள்ள இருக்கிற வெள்ளை பீன்ஸ் வேற எதுவும் இல்ல, நம்ம ராஜ்மாவோட அதே இனம். பேருதான் பேக்ட், பெரும்பாலும் டின்னை மூடினப்புறம் நீராவிச் சூட்டுல வேகுது. புரதம், நார்ச்சத்து எங்கயும் ஓடிப்போறதில்ல. சில வைட்டமின் குறையும், அது நம்ம குக்கர்லயும்தான் குறையுது. 100 கிராமுக்குச் சுமாரா 5 கிராம் புரதம். பிரச்சினை அந்தத் தக்காளி சாஸ். என்னை மாதிரி 415 கிராம் டின்னை ஒரே ஆளா காலி பண்ணினா கிட்டத்தட்ட 20 கிராம் சர்க்கரை, அதாவது அஞ்சு டீஸ்பூன், கூடவே ரெண்டரை கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 5 கிராம் உப்புக்குள்ள இருக்கச் சொல்லுது. அம்மா பயந்தது சரி, காரணம்தான் தப்பு.

இப்ப பயறு. அவிச்ச சிறுபயறு 100 கிராம்ல 7 கிராம் புரதம், அதைவிடக் கொஞ்சம் கூடவே நார்ச்சத்து. டின்னை அடிச்சுத் தூக்கிரும். ஆனா மேல விழுற கருப்பட்டி? முக்கால் பங்குக்கு மேல சர்க்கரைதான். இரும்பு, தாது உப்பு கொஞ்சம் இருக்கு, இல்லங்கல. ஆனா ரத்தத்துக்குள்ள போற சர்க்கரைக்கு அது பனையில இருந்து வந்துச்சா கரும்புல இருந்து வந்துச்சான்னு தெரியாது. அமெரிக்காவுல பாஸ்டன்காரங்க பீன்ஸுல மொலாசஸ் ஊத்தி வேக வச்சதும் இதே ஐடியாதான். (2024 பிப்ரவரியில ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டின ஊரு, கருப்பட்டில சர்க்கரை இல்லன்னு நம்புது :-) )

வாய்ப்பேச்சு வேணாம்னு குளுக்கோமீட்டரை எடுத்தேன். கருப்பட்டிப் பயறு சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு 268. மறுநாள் அதே அளவு பயறு, கடுகு, மிளகாய் வத்தல் தாளிச்ச சுண்டலா: 174. ஒரே ஒரு ஆளு, ரெண்டே ரெண்டு ரீடிங், இதை ஆராய்ச்சின்னு சொல்ல மாட்டேன். ஆனா அம்மா ரீடிங்கை ரெண்டு தடவை வாங்கிப் பார்த்தாங்க.

"சுகர்காரங்க கருப்பட்டி தாராளமா சாப்பிடலாம்"னு பதிவு போடுற நண்பர்களே, தயவுசெஞ்சு அந்த வரியை எடுத்துருங்க. எங்கப்பா மாதிரி ஆளுங்க அதை நம்பித்தான் தினம் மூணு வேளை கருப்பட்டிக் காப்பி குடிக்காங்க.

டிஸ்கி: அந்த டின் ரெண்டும் என்னாச்சுன்னு கேப்பீங்க. அம்மா சாஸை நல்லா அலசிக் கொட்டிட்டு, தேங்காய், கறிவேப்பிலை போட்டுத் தாளிச்சுட்டாங்க. உப்புப் பத்தலைன்னாரு அப்பா.