தங்கவயலின் விகாரையும் இருங்காட்டுக்கோட்டையும்

தமிழ்ப் பௌத்த சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் சென்னை இராயப்பேட்டையில் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கம், சாதியின் பெயரால் பொது இடங்கள் மறுக்கப்பட்டோர் கூடிப் பேசவும் படிக்கவும் தமக்கென அமைத்துக்கொண்ட களமாகும். அதன் கிளைகள் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் வேரூன்றியபோது, நிலத்தடியில் உழைத்துக் களைத்த தமிழ்த் தொழிலாளர்கள், விகாரை எனப்படும் பௌத்த வழிபாட்டு இடத்தையே அறிவு மன்றமாகவும் ஆக்கிக்கொண்டது பெருமைக்குரிய வரலாறு.

அச்சங்கம் பிறந்து நூறாண்டு கழித்து, 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய, சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், கழுத்தில் அடையாள அட்டையுடன் ஷிப்ட் பேருந்துக்குக் காத்துநிற்கும் இளைஞர்களுக்கு, தங்கவயல் தொழிலாளர்களுக்கு விகாரை இருந்ததுபோல், ஆலைக்கும் வாடகை அறைக்கும் அப்பால் கூடி அமர ஓரிடம் வேண்டும். அரசின் தொழிற்பூங்கா நிறுவனமான சிப்காட்டும் ஊராட்சியும் இணைந்து, நூலகமும் அரங்கும் கொண்ட சமுதாயக் கூடத்தை அயோத்திதாசர் பெயரில் இங்கு எழுப்ப வேண்டும்.