வண்டிக்கு 'பிஹெச்' நம்பர் ஓகே... ராணுவ வீரரின் மனைவி பார்க்கும் வேலைக்கு?

ரோட்டில் '22 பிஹெச்' என்று தொடங்கும் நம்பர் பிளேட்டைப் பார்த்திருப்பீர்கள். 'டிஎன்' இல்லை, 'கேஏ' இல்லை. 'பாரத்' என்பதன் சுருக்கம்தான் இந்த 'பிஹெச்'. ராணுவத்தினர், அரசு ஊழியர்கள், பல மாநிலங்களில் கிளை வைத்திருக்கும் நிறுவனங்களின் ஊழியர்கள் என அடிக்கடி ஊர் மாறுபவர்களுக்காக 2021-ல் மத்திய அரசு இதைக் கொண்டுவந்தது.

எதற்காக? மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவுப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். பழைய மாநிலத்தில் என்ஓசி, புதிய மாநிலத்தில் சாலை வரி, ஏற்கெனவே கட்டிய வரியைத் திரும்ப வாங்க ஒரு அலைச்சல். பிஹெச் நம்பர் இருந்தால் இந்தத் தலைவலி இல்லை. இரண்டிரண்டு ஆண்டுகளாக வரி கட்டிவிட்டு, எந்த ஊருக்கு போஸ்டிங் வந்தாலும் வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம்.

நல்ல விஷயம்தான். ஆனா, அதே வண்டியில் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் புது ஊருக்குப் போகும் மனைவிக்கு? அவர் படித்த படிப்புக்கும் பார்த்த வேலைக்கும் இப்படி ஒரு 'பாரத்' நம்பரை நாம் யோசிக்கவே இல்லை.

ஒரு போஸ்டிங் வந்தால் வீட்டில் என்ன நடக்கும்?

ராணுவத்தில் போஸ்டிங்கைப் பொதுவாக இரண்டாகப் பிரிப்பார்கள். ஒன்று 'பீல்டு'. எல்லைப் பகுதி மாதிரியான இடங்கள், குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. இன்னொன்று 'பீஸ்'. குடும்பத்தோடு இருக்கலாம். இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர். வீட்டுக்கு வீடு ராணுவத்தில் ஆள் இருப்பதால் 'ராணுவப்பேட்டை' என்றே அதற்குப் பெயர். ஒரு உதாரணத்துக்கு, அந்தப் பக்கத்துப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர், தனியார் மருத்துவமனையில் வேலை. கணவர் ஹவில்தார். ஒரு குழந்தை. கணவருக்கு ஜோத்பூரில் பீஸ் போஸ்டிங் வருகிறது.

முதல் வேலை, வேலையை விடுவது. அடுத்து கேஸ் இணைப்பை ஒப்படைத்து ரசீது வாங்கணும், குழந்தைக்கு டிசி வாங்கணும், கணவரின் பெயரும் நம்பரும் வெள்ளை பெயின்ட்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டிகளில் பாத்திரம் பண்டத்தை அடுக்கணும். தமிழ்நாட்டிலிருந்து ஜோத்பூருக்கு நேராகப் போக மன்னார்குடி - பகத் கி கோட்டி ரயில் இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறைதான். ஏறினால் ஏறக்குறைய இரண்டு நாள் பயணம்.

இறங்கியதும் குவார்ட்டர்ஸ் தயாராக இருக்கும் என்று சொல்ல முடியாது. வெயிட்டிங் லிஸ்ட் இருந்தால் வெளியே வாடகை வீடு பார்க்கணும். இந்தியில் வீட்டு ஓனரிடம் அட்வான்ஸ் பேசணும். ஒருவழியாகக் குவார்ட்டர்ஸ் கிடைத்து, திரைச்சீலை மாட்டி முடிப்பதற்குள் கணவருக்கு 'எக்சர்சைஸ்' வந்துவிடும். வாரக்கணக்கில் பாலைவனப் பயிற்சி. குழாய் ஒழுகினால் எம்.இ.எஸ்-ல் புகார் எழுதுவது, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மிலிட்டரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது, கேன்டீன் கார்டு, வங்கி, ஸ்கூல் பஸ் எல்லாம் இவர் தலையில்.

இட்லி மாவுகூடப் புதுசாகக் கத்துக்க வேண்டிய பாடம்தான். ஜோத்பூர் மே மாத வெயிலில் காலையில் கரைத்தால் மதியத்துக்குள் பொங்கி வழியும். அடுத்த போஸ்டிங் அம்பாலா என்றால், ஜனவரிக் குளிரில் கம்பளி போர்த்தி வைத்தாலும் மறுநாள் வரை அசையாது. எந்த ஊரில் எத்தனை மணி நேரம் என்று கணக்குப் பிடிபடும்போது அடுத்த போஸ்டிங் ஆர்டர் வந்திருக்கும்.

'பேசாம சொந்த ஊரிலேயே இருந்துடலாமே?'

நிறைய பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். ராணுவ வீரருக்கு வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. முழுசாகக் கிடைத்தாலும் மொத்தம் மூன்று மாதம். மீதி ஒன்பது மாதம் அப்பா போன் ஸ்கிரீனில்தான். பீல்டு போஸ்டிங்கில் பிரிந்தே இருந்தாக வேண்டும். பீஸ் போஸ்டிங் என்பது அந்தக் குடும்பம் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கிடைக்கும் இரண்டு, மூன்று வருஷம். 'உன் வேலையா, உன் புருஷனோடு இருக்கப்போற இந்த ரெண்டு வருஷமா?' என்று ஒரு பெண்ணிடம் கேட்பது நியாயமான கேள்வியே இல்லை.

அரசு எதையுமே யோசிக்கவில்லையா?

யோசித்திருக்கிறது. அதையும் சொல்லியாக வேண்டும்.

குழந்தையின் படிப்பு: ஊர் மாறும் அரசு ஊழியர்களின் பிள்ளைகள் ஒரே பாடத்திட்டத்தில் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் கேந்திரிய வித்யாலயாக்கள் பிறந்தன. 1962-ல் திட்டத்துக்கு ஒப்புதல். 1963-64 கல்வியாண்டில் ராணுவத்தினர் அதிகமாக இருந்த இடங்களில் நடந்துவந்த 20 ரெஜிமென்ட் பள்ளிகளை எடுத்துக்கொண்டு தொடங்கினார்கள். இன்று 1,200-க்கும் மேல் இருக்கின்றன. 1983-ல் தொடங்கிய ராணுவ நலக் கல்விச் சங்கம் ஆர்மி பப்ளிக் ஸ்கூல்களை நடத்துகிறது.

ஓட்டு: கணவரோடு தங்கியிருக்கும் மனைவியும் 'சர்வீஸ் வாக்காளராக'ப் பதிவு செய்து, சொந்த ஊர்த் தொகுதிக்குத் தபால் ஓட்டு போடலாம். 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 'மனைவி' என்று மட்டுமே இருந்ததை, 2021-ல் 'வாழ்க்கைத்துணை' என்று மாற்றினார்கள். பெண் அதிகாரிகளின் கணவர்களுக்கும் இப்போது அந்த உரிமை உண்டு.

வீடு: குவார்ட்டர்ஸ் இல்லையென்றால் வாடகைப்படி. 2024 ஜனவரியிலிருந்து ஊரின் வகையைப் பொறுத்து அடிப்படைச் சம்பளத்தில் 30, 20, 10 சதவீதம்.

வண்டிக்கு என்ன ஏற்பாடு என்று மேலேயே பார்த்தோம். ஆக, குழந்தை, ஓட்டு, வீடு, வண்டி என எல்லாவற்றுக்கும் வழி செய்திருக்கிறார்கள். மனைவியின் வேலை மட்டும்தான் லிஸ்ட்டில் இல்லை.

அப்போ எங்கே மாட்டுது?

நம் நர்ஸுக்கே வருவோம். இந்தியாவில் நர்ஸ் பதிவு மாநிலக் கவுன்சில்கள் கையில். தமிழ்நாடு கவுன்சிலில் பதிவு செய்தவர் ராஜஸ்தானில் வேலை பார்க்க அந்த மாநிலக் கவுன்சிலில் பதிய வேண்டும். இங்கேயிருந்து சான்று, அங்கே விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு. இரண்டு வருஷ போஸ்டிங்கில் இதற்கே மாதங்கள் போனால், எந்த மருத்துவமனை இவருக்காக இடம் பிடித்து வைத்திருக்கும்? அடுத்த மாநிலம் போனால் மறுபடி முதலிலிருந்து.

ஆசிரியர்? தமிழ்நாடு டெட் தேர்ச்சியை வைத்துக்கொண்டு ராஜஸ்தான் அரசுப் பள்ளியில் நுழைய முடியாது, அங்கே 'ரீட்' என்று தனித் தேர்வு. மத்திய அரசின் சிடெட் எழுதினால் கேந்திரிய வித்யாலயாவுக்கு முயலலாம். ஆர்மி பப்ளிக் ஸ்கூலுக்கு இன்னொரு ஸ்கிரீனிங் டெஸ்ட். தமிழில் பி.எட். முடித்தவர் என்றால் ஜோத்பூரில் எந்தப் பள்ளியில் போய்க் கேட்பது?

அரசு வேலையில் இருக்கும் தம்பதிக்கு ஒரு ஏற்பாடு உண்டு. கணவன் - மனைவியை முடிந்தவரை ஒரே ஊரில் பணியமர்த்தச் சொல்லி மத்தியப் பணியாளர் துறை 2009-ல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஆனால் மனைவி தனியார் வேலையில் இருந்தால் அவருடைய நிறுவனத்தை அது கட்டுப்படுத்தாது.

சம்பளம் ஒரு பக்கம். 7-வது ஊதியக்குழு பட்டியல்படி ஹவில்தாரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 29,200 ரூபாய். அகவிலைப்படி, ராணுவச் சேவை ஊதியம் எல்லாம் சேர்ந்து கூடும்தான். அதில் ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்பி, வீட்டுக் கடன் கட்டி, இங்கேயும் ஒரு குடும்பம் நடத்தணும். இன்னொரு சம்பளம் ஆடம்பரமில்லை, தேவை. இன்னொன்றும் இருக்கிறது. சிப்பாய்கள் பெரும்பாலும் நாற்பது வயதைத் தொடும் முன்போ, தொட்ட கையோடோ ஓய்வு பெற்று வீடு திரும்புகிறார்கள். அப்போது பென்ஷனோடு மனைவிக்கும் ஒரு நிலையான வேலை இருந்தால் அந்தக் குடும்பம் எவ்வளவு தெம்பாக இருக்கும்? ஆனால் 15 வருஷத்தில் ஐந்து ஊர் மாறியவருக்கு சீனியாரிட்டி ஏது, பி.எஃப். சேமிப்பு ஏது?

ராணுவப் படிவங்களில் மனைவியைக் குறிக்கும் வார்த்தை 'டிபென்டென்ட்'. சார்ந்து வாழ்பவர். மேலே சொன்ன வேலைகளை ஒருமுறை எண்ணிப் பாருங்க. யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள்?

'தெரிஞ்சுதானே கட்டிக்கிட்டாங்க?'

இந்தப் பேச்சு வந்ததும் கமென்ட்டில் முதலில் வந்து விழும் கேள்வி இதுதான். தெரியும்தான். பிள்ளை பெற்றால் பள்ளிக்கூடம் மாற வேண்டியிருக்கும் என்பதும்தான் 1962-லேயே எல்லோருக்கும் தெரியும். அதற்காக 'தெரிஞ்சுதானே பெத்துக்கிட்டீங்க' என்று அரசு கை கழுவவில்லை. ஊரை மாற்றுவது நாம், அதனால் வரும் சிரமத்தில் ஒரு பங்கு நம்முடையது என்று ஏற்றுக்கொண்டு பள்ளிக்கூடம் கட்டியது. அதே நியாயம் மனைவியின் வேலைக்கும் பொருந்த வேண்டாமா?

'அதுதான் ஏ.டபிள்யூ.டபிள்யூ.ஏ. இருக்கே' என்பார்கள். 1966-ல் ராணுவ மனைவியர் நலச் சங்கம் என்ற பெயரில் பதிவு செய்யப்பட்ட அமைப்பு அது. தையல், பேக்கிங், கம்ப்யூட்டர் என்று பயிற்சி தருகிறார்கள், உதவியாகவும் இருக்கிறது. ஆனால் கையில் நர்சிங் டிகிரி இருப்பவருக்குத் தேவை புதுத் தொழில் இல்லை. படித்த தொழிலைச் செய்ய அனுமதி.

வேறு நாடுகளில் எப்படி?

அமெரிக்காவிலும் நர்ஸ், ஆசிரியர் உரிமங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. வேலை தேடும் ராணுவ வாழ்க்கைத்துணைகளில் சுமார் 20 சதவீதம் பேருக்கு வேலை இல்லை என்று அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் சர்வேக்களே பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தன. 2023 ஜனவரியில் ஒரு சட்டத்திருத்தம் வந்தது. ராணுவ உத்தரவால் இடம் மாறினால், ஏற்கெனவே உள்ள தொழில் உரிமத்தைச் சில நிபந்தனைகளோடு புதிய மாநிலமும் ஏற்க வேண்டும். கணவரின் போஸ்டிங் ஆர்டரே மனைவிக்கும் ஒரு ஆவணம் ஆகிவிட்டது. இதைத்தான் நாமும் கேட்கிறோம். பெரிய பட்ஜெட் எதுவும் வேண்டியதில்லை.

நாம என்ன பண்ணலாம்?

முதலாவது, மாநிலக் கவுன்சில்கள். போஸ்டிங் ஆர்டரைக் காட்டினால் தற்காலிக அனுமதி உடனே கிடைக்கணும், சரிபார்ப்பைப் பிறகு நடத்திக்கொள்ளலாம். நம் சட்டத்துக்கு இது புதுசும் இல்லை. வழக்கறிஞர் ஒருவர் தன் பதிவை ஒரு மாநில பார் கவுன்சிலிலிருந்து இன்னொன்றுக்குக் கட்டணமில்லாமல் மாற்றிக்கொள்ள 1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 18-வது பிரிவே வழி தருகிறது. வக்கீலுக்கு முடிந்தது நர்ஸுக்கு ஏன் முடியாது?

இரண்டாவது, ராணுவம். கன்டோன்மென்ட்டில் இருக்கும் பள்ளி, மருத்துவமனை, அலுவலகங்களின் ஒப்பந்த வேலை விவரங்கள் போஸ்டிங் ஆர்டரோடு சேர்ந்தே குடும்பத்துக்குத் தெரிய வந்தால், ஊருக்குப் போய்ச் சேரும் முன்பே விண்ணப்பிக்கலாம்.

மூன்றாவது, நீங்கள். இதைப் படிக்கிறவர்களில் எத்தனையோ பேர் டீம் லீட், எச்.ஆர்., ஸ்டார்ட்-அப் நடத்துபவர். வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியும் என்று கொரோனா காலத்தில் நாமே நிரூபித்தோம். இரண்டு வருஷத்துக்கு ஒரு ஊர், நடுநடுவே 'கேப்' என்று ஒரு ரெஸ்யூமே வந்தால் சாஃப்ட்வேர் அதை ஓரங்கட்டும் முன் ஒரு நிமிஷம் நில்லுங்க. 'ஏன் இத்தனை ஊர்?' என்று போன் போட்டுக் கேளுங்க. தெரியாத மொழி பேசும் ஊரில் ஒரு மாதத்துக்குள் வீடு, பள்ளி, மருத்துவமனை எல்லாம் தனி ஆளாகச் சரி செய்தவர் அந்தப் பக்கம் பேசுவார். புது ஊர், புது டீம், புது நெருக்கடி என்று எதுவும் அவருக்குப் புதுசாக இருக்காது.